சீர் செய்தால் பங்கு தீர்ந்துவிடுமா?

“கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர்வரிசை செஞ்சாச்சு, தலைப்பிரசவமும் நாமதான் பார்த்தோம். இதுக்கு மேல பொண்ணுக்கு என்ன பங்கு?” அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரிப்பதற்குள் இந்தக் கேள்வி எழாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. கேட்பவர்கள் அண்ணன் தம்பிகளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சித்தப்பா கேட்பார், தாய்மாமன் கேட்பார், பல வீடுகளில் அம்மாவே கேட்பார். கேட்கிற குரலில் நியாயம் பேசுகிற நிதானம் இருக்கும். பதில் சொல்லத் தொடங்கும் பெண் அடுத்த அரைமணி நேரத்தில் பேராசைக்காரி ஆகிவிடுவாள். பிறந்த வீட்டின் மேல் பாசம் இல்லாதவள், புருஷன் வீட்டார் பேச்சைக் கேட்டு ஆடுகிறவள் என்ற பட்டங்களும் வந்து சேரும்.

2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், மகனைப் போலவே மகளும் பிறப்பாலேயே கூட்டுக் குடும்பச் சொத்தின் பங்குதாரர் என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொன்ன பிறகு, இந்தப் பழைய கேள்வி புதுச் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறது. படித்தவர்கள் இப்போது வேறு விதமாகப் பேசுகிறார்கள். சட்டம் நல்ல எண்ணத்தில்தான் வந்தது, ஆனால் குடும்பத்தை உடைக்கிறது; முடிந்துபோன கணக்கைக் கிளறுகிறது; கடமையெல்லாம் மகனுக்கு, பங்கு மட்டும் மகளுக்கா; நிலம் துண்டு துண்டாகிப் போகும். ஓய்வுபெற்ற அதிகாரிகளும் ஆசிரியர்களும், சில சமயம் வழக்கறிஞர்களும்கூட இதைத்தான் சொல்கிறார்கள். இவற்றில் ஒன்றுகூட நிற்காத வாதம் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மகளுக்குப் பங்கு இல்லாமல் இருந்ததே இயல்பு என்று நினைப்பவர்கள், அந்த இயல்பு எப்படிச் செயல்பட்டது என்பதை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபோது, அப்பா தானாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு கிடைத்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மட்டும் பழைய முறையே தொடர்ந்தது. ஒன்பது ஏக்கர் பூர்வீக நிலம், அம்மா முன்பே இறந்துவிட்டார், அப்பாவுக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். அப்பா இறந்ததும், அவர் உயிரோடு இருந்தபோதே பாகம் பிரித்ததுபோல ஒரு கற்பனைப் பிரிவினை நடக்கும். அப்பாவுக்கு மூன்று ஏக்கர், மகன்களுக்கு ஆளுக்கு மூன்று ஏக்கர். மகளுக்கு அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பிறகு அப்பாவின் மூன்று ஏக்கர் மட்டும் மூன்று பேருக்கும் பிரியும். முடிவில் மகன்களுக்கு நான்கு நான்கு ஏக்கர், மகளுக்கு ஒரு ஏக்கர். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குள் நான்குக்கு ஒன்று. குடியிருக்கும் வீடு என்றால் அதுவும் சிக்கல்தான். ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முடிவெடுக்கும் வரை மகள் பாகம் கேட்கவே முடியாது என்று 23ஆம் பிரிவு தடுத்திருந்தது. இன்றைய சட்டப்படி அதே ஒன்பது ஏக்கர் மூன்று பேருக்கும் மூன்று மூன்று ஏக்கராகப் பிரியும். “மகளுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள்” என்று சொல்லப்படுவது இவ்வளவுதான்.

இந்த மாற்றம் டெல்லியில் யாரோ திடீரென்று செய்ததும் அல்ல. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியது அம்பேத்கர் 1951-இல் அமைச்சர் பதவியைத் துறந்ததற்கு ஒரு முக்கியக் காரணம். தமிழ்நாட்டில் கலைஞர் ஆட்சியில் வந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் மகளைக் கூட்டுக் குடும்பச் சொத்தின் பங்குதாரர் ஆக்கியது. நாடு முழுவதற்கும் அது வர மேலும் 16 ஆண்டுகள் ஆயின. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்குப் பெருமை கொள்ள உரிமை உண்டு. அதே தமிழ்நாட்டில்தான் பந்தல் பிரிக்கும் முன் அந்தக் கேள்வியும் வருகிறது.

1989 சட்டத்தில் ஒரு வரம்பு இருந்தது. அந்த மார்ச் 25-க்கு முன் திருமணமான மகள்களுக்கு அது பொருந்தாது. அந்த ஒரு வரிதான் இன்று வரை நம் ஊர்களில் சட்டமாகப் புழங்குகிறது. “உனக்குத்தான் எண்பத்தொன்பதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சே, உனக்குப் பங்கு கிடையாது” என்று அறுபது வயதுப் பெண்களிடம் இன்றும் சொல்கிறார்கள். அவர்களும் நம்புகிறார்கள். 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தச் சட்டத்தில் திருமணம் என்ற வரம்பே இல்லை. 1975-இல் கல்யாணம் ஆனவளும் மகள்தான், கல்யாணமே ஆகாதவளும் மகள்தான். 20 ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிற ஒன்று பத்திர எழுத்தரின் மேசை வரை வந்து சேரவில்லை. இதை அறியாமை என்று மட்டும் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. மகளுக்குப் பாதகமான பாதி தெரிந்திருக்கிறது, சாதகமான பாதி மட்டும் தெரியவில்லை என்றால், அந்த மறதி யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

2005 சட்டத்துக்குப் பிறகும் நீதிமன்றங்களே குழப்பத்தை வளர்த்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் அப்பாவும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு சொன்னது. 2018 பிப்ரவரியில் இன்னொரு அமர்வு, 2001-இல் இறந்த ஒருவரின் மகள்களுக்குச் சமப் பங்கு கொடுத்தது. இரண்டும் இரு நீதிபதிகள் அமர்வு. கீழ் நீதிமன்றங்கள் எதைப் பின்பற்றும்? அண்ணன்மாரின் வழக்கறிஞர் முதல் தீர்ப்பை நீட்டுவார், தங்கையின் வழக்கறிஞர் இரண்டாவதை நீட்டுவார், வாய்தா விழும். நீதிபதிகள் அருண் மிஸ்ரா, அப்துல் நசீர், எம்.ஆர். ஷா ஆகிய மூவர் அமர்வு 2020-இல்தான் இதை முடித்து வைத்தது. உரிமை பிறப்பால் வருகிறது, அப்பா எந்தத் தேதியில் இறந்தார் என்பதைப் பொறுத்ததல்ல என்றது. நிலுவையில் கிடக்கும் வழக்குகளை முடிந்தவரை ஆறு மாதத்துக்குள் முடிக்கவும் சொன்னது.

“அப்படியானால் நாற்பது வருஷத்துக்கு முன்னால் பிரித்ததையெல்லாம் இப்போது கிளறலாமா?” என்று கேட்பவர்கள் சட்டத்தின் அடுத்த வரியைப் படிக்கவில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுசெய்த பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாணை மூலமோ நடந்த பாகப்பிரிவினையை யாரும் தொட முடியாது. அதற்கு முன் விற்ற சொத்தும் விற்றதுதான். எது தப்பாது என்றால், “நாங்க அப்பவே வாயாலேயே பிரிச்சுக்கிட்டோம்” என்ற கதை. வாய்மொழிப் பாகத்தைப் பொது ஆவணங்களின் வலுவான ஆதாரம் இல்லாமல் ஏற்கக் கூடாது என்று 2020 தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. வழக்கு வந்த பிறகு நினைவுக்கு வருகிற வாய்மொழிப் பாகங்கள் எப்படிப்பட்டவை என்று உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்த எவருக்கும் தெரியும். ஆகவே முடிந்துபோன கணக்கு எதுவும் கிளறப்படவில்லை. முடிக்காமல் மூடி வைத்த கணக்குதான் திறக்கப்படுகிறது.

இனி சீருக்கு வருவோம். இந்தச் சர்ச்சையின் மையம் அதுதான்.

நகை போட்டதும் சீர் செய்ததும் பங்குக்கு ஈடு என்றால், அந்த ஈடு யார் கைக்குப் போனது? பாத்திரமும் கட்டிலும் பீரோவும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயின. காரோ பைக்கோ மாப்பிள்ளை பெயரில் வாங்கப்பட்டது. மண்டபச் செலவு ஊருக்குச் சாப்பாடாகப் போனது. நகை மட்டும் அவள் கழுத்தில் ஏறியது. அதிலும் பெரும்பகுதி வீடு கட்டவோ கொழுந்தனுக்குத் தொழில் வைத்துக் கொடுக்கவோ அடகுக் கடைக்குப் போய்த் திரும்பாத கதைகள் எத்தனை! சீதனம் பெண்ணின் முழுச் சொத்து, கணவன் அதில் பங்காளி ஆக முடியாது என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையே 2024 ஏப்ரலில் மறுபடியும் சொல்ல நேர்ந்தது. கேரளத்துப் பெண் ஒருவர் தன் நகைக்கு ஈடாக 25 லட்சம் ரூபாய் பெற உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கணவனுக்கும் மாமியாருக்கும் கொடுத்ததை மகளின் கணக்கில் பற்று எழுதுவது எந்த நியாயத்தில் சேரும்?

வரதட்சணை 1961 முதல் இந்த நாட்டில் குற்றம். குற்றமாகக் கொடுத்த பணத்தையே காட்டி, “அதனால்தான் உனக்குப் பங்கு இல்லை” என்று சொல்கிறோம். அதாவது ஒரு குற்றத்தைச் சாட்சியாக வைத்து இன்னோர் உரிமையைப் பறிக்கிறோம். கோவாவில் ஒரு குடும்பத்தில் இதே வாதம் வந்தபோது, மகள்களுக்கு வரதட்சணை கொடுத்திருந்தாலும்கூடக் குடும்பச் சொத்தில் அவர்களுடைய உரிமை அற்றுப்போகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2023 மார்ச்சில் தீர்ப்பளித்தது. கோவாவின் குடிமைச் சட்டம் வேறு, நம்முடையது வேறு என்பது உண்மை. ஆனால் நம் சட்டத்திலும், சீர் செய்த தொகையைப் பங்கில் கழிக்கலாம் என்று ஒரு பிரிவும் கிடையாது. மகனுக்கும் செலவு செய்கிறோம். அவனுடைய பொறியியல் கல்லூரிக்கு நன்கொடை கட்டினோம், வெளிநாட்டுக்கு அனுப்பக் கடன் வாங்கினோம், கடை வைத்துக் கொடுத்தோம், அவன் கல்யாணத்துக்கும் மண்டபம் பிடித்தோம். பாகம் பிரிக்கும் அன்று அந்த நோட்டை எடுத்துப் பார்த்துக் கழிக்கிற வீட்டை யாரும் கண்டதில்லை.

“பாடுபட்டுச் சேர்த்தது அப்பாவும் அண்ணன்களும்தானே” என்பதும் சேர்ந்தே வரும். நாற்று நட்டதும் களை பறித்ததும் மாட்டுக்குப் புல் அறுத்ததும் தம்பிகளைத் தூக்கி வளர்த்ததும் யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். வீட்டு வேலை சொத்துச் சேர்ப்பதில் பங்கு ஆகாது என்ற எண்ணத்தையே சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் நிராகரித்தது. கணவர் சவூதியில் வேலை பார்த்தபோது குடும்பத்தைக் கட்டிக் காத்த மனைவியின் உழைப்பும் அந்தச் சம்பாத்தியத்தின் பகுதிதான், ஆகவே கணவர் பெயரில் வாங்கிய சொத்திலும் அவருக்குச் சம பங்கு உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பு எழுதினார். மனைவிக்குச் சொன்ன இந்த நியாயம், பத்து வயதிலிருந்து அடுப்படியில் நின்ற மகளுக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்?

அடுத்தது கடமை. “கடைசிக் காலத்துல பார்க்கிறவன் மகன், கொள்ளி வைக்கிறவன் மகன்.” கொள்ளியைச் சட்டம் பேசவில்லை, அது அவரவர் நம்பிக்கை, இப்போது மகள்களும் வைக்கிறார்கள். ஆனால் பெற்றோரைப் பராமரிக்கும் கடமை மகனுக்கு மட்டும் என்பது சட்டப்படி உண்மை இல்லை. 1956-இன் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் அந்தக் கடமையை மகன், மகள் இருவர் மேலும் வைத்தது. 1987-இல் மராட்டியத்தைச் சேர்ந்த தந்தை ஒருவர் மருத்துவரான தன் மகள் மீது ஜீவனாம்ச வழக்குப் போட்டபோது, கல்யாணம் ஆகிவிட்டதே என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. திருமணம் ஆனாலும் மகள் மகளே, ஆகவே கொடுக்கத்தான் வேண்டும் என்றது. 2007-இன் மூத்த குடிமக்கள் சட்டத்திலும் மகள் மகனுக்குச் சமமாகப் பொறுப்பாளி. கல்யாணத்தால் மகள் மகளாக இல்லாமல் போய்விடுவதில்லை என்ற அதே நியாயத்தைச் சொத்து உரிமைக்கு முழுமையாகச் சொல்ல 2020 வரை ஆயிற்று. கடமைக்கு முதலில் கூப்பிட்டார்கள். பங்குக்கு 33 ஆண்டுகள் கழித்துத்தான் கூப்பிட்டார்கள். 2005 திருத்தமும் பங்கோடு சேர்த்துக் கடன் பொறுப்புகளையும் மகளுக்கு மகனைப் போலவே கொடுத்திருக்கிறது. “பங்கு மட்டும் வேண்டுமா” என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

“உறவு போய்விடும்” என்பதுதான் பெண்களை உண்மையில் வாயடைக்க வைக்கிற வாதம். இதற்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு சார் பதிவாளர் அலுவலகத்துக்குள் போக வேண்டும்.

முகூர்த்த நாள் என்றால் கூடுதல் டோக்கன் கொடுப்பார்கள், கூட்டம் நெரியும். வாசலில் பத்திர எழுத்தர்களின் கடைகள், ஜெராக்ஸ் இயந்திரங்கள். காலையில் வேனிலோ காரிலோ குடும்பம் வந்து இறங்கும். அக்கா நல்ல புடவை கட்டியிருப்பார். தம்பி மனைவி அன்று மட்டும் அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வருவார். பத்திரம் முன்பே தயாராக இருக்கும்: விடுதலைப் பத்திரம். தனக்குள்ள பாகத்தைத் தன் முழு மனதோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சகோதரர்களுக்கு விட்டுக் கொடுக்கிறார் என்று அதில் எழுதியிருக்கும். பல பத்திரங்களில் ஒரு தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டதாகவும் இருக்கும். அவர் கைக்கு அது வந்திருக்காது. பக்கத்துக்குப் பக்கம் விரலால் தொட்டுக் காட்டுகிற இடத்தில் கையெழுத்து. உள்ளே கேமரா முன் உட்காரச் சொல்வார்கள், விரல் ரேகை எடுப்பார்கள். “நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாம்மா?” என்று சார் பதிவாளர் கேட்பார். சட்டம் அவரை அதைத்தான் கேட்கச் சொல்கிறது. அக்கா தலையாட்டுவார். சொத்து விவரத்துக்குக் கீழே வழிகாட்டி மதிப்புப்படி அவருடைய பாகத்தின் மதிப்பு எண்ணால் அச்சிட்டிருக்கும். முத்திரைத் தீர்வையே அதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். குடும்பத்துக்குள் என்பதால் அது ஒரு விழுக்காடு, அதிகபட்சம் 40,000 ரூபாய். அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த அந்தத் தொகை கையெழுத்துப் போடுகிறவருக்கு மட்டும் தெரியாது. வெளியே வந்ததும் ஓட்டலில் சாப்பாடு, வீட்டில் ஒரு பட்டுப்புடவை. ஒரு மாதத்தில் கூட்டுப் பட்டாவிலிருந்து அவர் பெயர் போய்விடும்.

தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் இருந்த பெயர் பட்டாவில் இல்லாமல் போகும் இந்த வழியில் சட்ட மீறல் ஒன்றும் இல்லை. அதனால்தான் எந்தத் தீர்ப்பாலும் இதைத் தொட முடியவில்லை. உறவு போய்விடும் என்று பயமுறுத்தி வாங்கிய கையெழுத்தில் எந்த உறவு காப்பாற்றப்பட்டது? பங்கு கொடுக்காத அண்ணன் உறவை முறிப்பதாக ஊர் சொல்வதில்லை. கேட்ட தங்கைதான் முறித்தாள் என்கிறது. இரண்டு அண்ணன் தம்பிகள் வரப்புக்காக முப்பது வருடம் வழக்கு நடத்தினால் அது சொத்துத் தகராறு. தங்கை ஒரே ஒரு நோட்டீஸ் அனுப்பினால் குடும்பம் உடைந்துவிட்டது. விட்டுக் கொடுக்கிற பெண் மேல் வைத்திருக்கும் பாசம், கேட்கிற பெண் மேல் இல்லாமல் போகிறது என்றால், அந்தப் பாசத்துக்கு அவள் ஏற்கெனவே மிக அதிக விலை கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

மனமுவந்து விட்டுக் கொடுக்கும் சகோதரிகள் இல்லையா? இருக்கிறார்கள். நொடித்துப்போன தம்பிக்குத் தன் பாகத்தை எழுதிக் கொடுத்த அக்காமார் உண்டு, அவர்கள் கொடுத்தது கொடை. தன்னுடையது எவ்வளவு என்று தெரிந்தவர்தான் கொடை கொடுக்க முடியும்.

நிலம் துண்டாகும் என்ற கவலையைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். மூன்று மகன்கள் இருந்தால் மூன்றாகப் பிரிகிற நிலத்துக்கு வராத கவலை, மூன்றாவது பிள்ளை மகளானால் மட்டும் வருகிறது. அவள் தன் பாகத்தை அந்நியருக்கு விற்றுவிடுவாளே என்றால், வாரிசுகளில் ஒருவர் விற்கும்போது மற்றவர்கள் முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமையை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு கொடுத்திருக்கிறது. விவசாய நிலத்துக்கும் அது பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். விலை கொடுக்காமல் எடுத்துக்கொள்ளத்தான் வழி இல்லை.

“அவளுக்குப் புகுந்த வீட்டில் கிடைக்குமே” என்பது இன்னொன்று. என்ன கிடைக்கும்? கணவன் உயிரோடு இருக்கும்வரை மருமகளுக்கு மாமனார் சொத்தில் வாரிசுரிமை கிடையாது. இரண்டு வீட்டிலும் சோறு உண்டு, ஒரு வீட்டிலும் பத்திரம் இல்லை என்ற நிலையில்தான் நம் பெண்களில் மிகப் பலர் வாழ்கிறார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்தச் சாகுபடி நில உடைமைகளில் பெண்களுடையவை 13.87 விழுக்காடு. இது வெறும் பண விஷயமும் அல்ல. பொருளியலாளர் பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் கேரளத்தில் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தன் பெயரில் நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். இரண்டும் இருந்தவர்களில் அது 7 விழுக்காடு. போவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்த பெண்ணின் மேல் கை ஓங்கத் தயங்குகிறார்கள். தங்கையை அடிக்கிறான் என்று கேள்விப்பட்டுத் துடிக்கிற அண்ணன்மார், அவளுடைய பாகத்தைத் தாங்கள் வைத்திருப்பதையும் அதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

புகுந்த வீடுதான் பெண்ணின் வீடு என்ற எண்ணம் சட்டத்துக்குள்ளும் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. 2009-இல் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு வழக்கு இது. 1955-இல் கல்யாணமான பெண்ணின் கணவர் மூன்றே மாதத்தில் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீட்டார் அவரை விரட்டிவிட்டார்கள். பிறந்த வீட்டில் இருந்து படித்தார், வேலைக்குப் போனார், 1996-இல் உயில் எழுதாமல் இறந்தார். வங்கியில் இருந்த பணமும் வருங்கால வைப்பு நிதியும் யாருக்கு? வளர்த்துப் படிக்க வைத்த தாய் கேட்டார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி கணவனின் வாரிசுகளுக்கு என்று தீர்ப்பாயிற்று. நாற்பது ஆண்டு திரும்பிப் பார்க்காத குடும்பத்துக்குப் போனது. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்ற முடியாது என்றார்கள் நீதிபதிகள். இதற்கு முந்தைய ஆண்டே, 2008-இல், சட்ட ஆணையம் தன் 207ஆவது அறிக்கையில் இந்தப் பிரிவைத் திருத்தப் பரிந்துரைத்துவிட்டது. நாடாளுமன்றம் இன்னும் அதை எடுக்கவில்லை. மகளுக்கு அளவுக்கு மீறிச் சலுகை கொடுத்துவிட்டது சட்டம் என்று புலம்புகிறவர்கள் இந்தப் பிரிவைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

மரபைக் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு தமிழ்நாட்டு வழக்கு. ஒருவர் 1938-இல் நீதிமன்ற ஏலத்தில் தனியாக வாங்கிய நிலம். அவருக்கு ஒரே மகள். அவர் இறந்தபின் அந்த மகளும் 1967-இல் பிள்ளை இல்லாமல் இறந்தார். நிலம் அண்ணன் மகனுக்கே, பெண் வாரிசுகளுக்கு எதுவும் இல்லை என்று கீழ் நீதிமன்றமும் 2009-இல் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டன. அருணாசல கவுண்டர் வழக்கு என்று அறியப்படும் இதில் 2022 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. நீதிபதி கிருஷ்ண முராரி பழைய உரைநூல்களையும் பிரிவி கவுன்சில் தீர்ப்புகளையும் புரட்டிப் பார்த்துக் கண்டது இதுதான்: தந்தை தானாகச் சம்பாதித்த சொத்தில் மகளின் உரிமை 1956 சட்டத்துக்கு முன்பே பழைய இந்து சட்டத்தில் ஏற்கப்பட்டிருந்தது. மரபில் இருந்ததையும் நாம்தான் மறந்திருக்கிறோம்.

அக்கம்பக்கத்து அனுபவமும் உண்டு. கேரளத்தில் மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் தீர்ப்பு வரும்வரை, திருவிதாங்கூர் சிரியன் கிறித்தவ மகளுக்கு மகன் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. தீர்ப்பு வந்ததும் குடும்பங்கள் சிதறும், வங்கிக் கடன்கள் முடங்கும், நீதிமன்றங்கள் நிரம்பி வழியும் என்றெல்லாம் தேவாலய வட்டாரங்களே எச்சரித்தன. அப்படி ஒன்றும் ஆகவில்லை. மகள்களை ஒதுக்கி உயில் எழுதுவதுதான் பெருகியது.

உயில் என்ற வழி நம் சட்டத்திலும் திறந்தே இருக்கிறது. தான் சம்பாதித்ததையும், கூட்டுச் சொத்தில் தன் பாகத்தையும் அப்பா யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அப்பாவின் சுதந்திரத்தைச் சட்டம் பறித்துவிட்டது என்பது அதனால் பொய். கூட்டுச் சொத்தை முழுவதுமாக மகனுக்கு அன்பினால் தான செட்டில்மென்ட் எழுதித் தள்ளிவிட முடியாது, அறக்காரியத்துக்கு மட்டுமே அப்படிக் கொடுக்கலாம் என்பதை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. பங்காளிகளில் ஒருவர் எல்லோருடையதையும் கொடுத்துவிட முடியாது என்ற எளிய நியாயம் அது.

உரிமையை அறிவிக்கிற வேலையை நீதிமன்றங்கள் பெரும்பாலும் முடித்துவிட்டன. மிச்ச வேலை பதிவுத்துறையின் அறையில் இருக்கிறது. குடும்பத்துக்குள் எழுதப்படும் விடுதலைப் பத்திரத்தைப் பதியும் முன், எழுதிக் கொடுக்கிறவரைச் சார் பதிவாளர் மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் பார்க்க வேண்டும். சர்வே எண்ணையும் அவருடைய பாகம் எத்தனை செண்ட் என்பதையும் வழிகாட்டி மதிப்பையும் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். ரொக்கம் பெற்றதாக எழுதியிருந்தால், அது எந்த வங்கிக் கணக்கில் எந்தத் தேதியில் வந்தது என்று கேட்க வேண்டும். துக்கம் நடந்த வீட்டில் குறைந்தது ஓராண்டு வரை இத்தகைய பத்திரத்தைப் பதிவுக்கு ஏற்கக் கூடாது. இதற்கெல்லாம் புதிய தீர்ப்பு வேண்டியதில்லை. மாநில அரசு நினைத்தால் செய்துவிடலாம். அந்தத் தொகையைக் காதால் கேட்ட பிறகு, கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.